கவிழ்த்து வைத்த டம்ளர்கள்

டெய்சி போன செய்தி வந்தபோது, அவள் சொல்லிக்கொடுத்த விளையாட்டைத்தான் நானும் என் பேத்தி மகியும் விளையாடிக்கொண்டிருந்தோம். மூன்று டம்ளர்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் புளியங்கொட்டையை ஒளித்திருந்தேன். காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டும் சேகர் வாசலில் வந்து நின்றான்.

"பெரிம்மா, டெய்சிக்கா இல்ல பெரிம்மா. வேல செஞ்சிக்கினு இருந்துச்சி, நெஞ்சப் புடிச்சிக்கினு அப்டியே குந்திருச்சி."

மகி "இல்ல" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்த விளையாட்டில் இல்ல என்றால் அடுத்த டம்ளரைத் தூக்க வேண்டும். தூக்கினாள்.

திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு டெய்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் அள்ளிப் போட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்புவாள். குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் மாடியிலுள்ள வாண்டுகளெல்லாம் அவள் வீட்டில்தான். சொந்தமாகப் பிள்ளை இல்லை. பொம்மையும் இல்லை. ஒரு குண்டான் தண்ணீரும் சொம்பும் கொடுப்பாள், மொண்டு மொண்டு ஊற்றச் சொல்லி. துணி கிளிப்புகளை வாளி விளிம்பில் குத்த விடுவாள். பெரிய வெங்காயம் ஒரு பக்கம், சின்ன வெங்காயம் ஒரு பக்கம் பிரிக்க விடுவாள். என் மருமகள் பாட்டுப் பாடும் பொம்மை ஒன்று வாங்கிவந்தபோது, "இதே பாடிக்கினு கீதே, புள்ள எப்பம்மா பாடும்?" என்று கேட்டாள்.

இரண்டு வயது தாண்டியும் மகிக்குப் பேச்சு வரவில்லை. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் ஒருநாள் குழாயடியில், குடங்களோடு எல்லோரும் நிற்கும்போது டெய்சி சொன்னாள்: "பெரிம்மா, அது வாயத் தொறக்கறதுக்குள்ள தண்ணியா, சோறான்னு நீயே கேட்டு நீயே குடுத்துர்ற. அப்பறம் அது இன்னாத்துக்குப் பேசும்? ஒரு வாட்டி கேளு. கேட்டுட்டு வாய மூடிக்கினு குந்து."

எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன். அதன்பின் டெய்சியிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளையை மட்டும் அனுப்பினேன். அவள் சொன்னது சரி என்பது வேறு, நாலு பேர் முன்னால் சொன்னது வேறு. முன்னதை ஏற்றுக்கொண்டேன். பின்னதை மன்னிக்கவில்லை, அவள் போன பிறகும்.

மகியின் முதல் சொல்லும் என் வீட்டில் வரவில்லை. டெய்சி டம்ளரைக் காட்டி, "கொட்ட கீதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள். வெளியே நடையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு என் பேத்தியின் குரல்: "கீது."

மருமகளுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "இருக்குன்னு சொல்லு" என்று திருத்தினாள். மகி கேட்கவில்லை.

இப்போது டெய்சியின் வீடு பூட்டிக் கிடக்கிறது. உள்ளே சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் எனக்குக் கேட்கிறது. மேல்மாடிக் குழாய் என்கிறான் மகன். மேல்மாடிக் குழாயின் சத்தம் எனக்குத் தெரியாதா?

மகி எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தூக்கிப் பார்க்கிறாள். வாளியை, முறத்தை, நான் படுத்திருக்கும்போது என் தலையணையை. ஒவ்வொன்றையும் பார்த்து "இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறாள்.

நேற்று டெய்சியின் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் குந்தினேன். எப்படியாவது புரியவைத்துவிடலாம் என்றுதான் கேட்டேன்: "மகி, டெய்சி கீதா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். பிள்ளை கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கதவைப் பார்த்தாள்.

"கீது" என்றாள்.

இல்லை என்ற சொல் எனக்கு நாக்கு வரை வந்தது. டெய்சி, உன்னிடமிருந்து நான் கற்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.