மீனுக்குப் போட்ட ஆயுத பூஜைப் பொரி

போன வருஷம் ஆயுத பூஜை லீவில், நசரத்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் இரண்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், நிதானமாகத்தான் வரும். எங்களுக்கு இங்கே நிலம் இருந்தது. அதெல்லாம் போய், ரோட்டை ஒட்டி மாடி வீடு கட்டி, கீழே நான் இருக்கிறேன். மேலே ஒரு ஆபீசுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை என்று சொன்னார்கள். நல்ல பிள்ளைகள்தான். வாடகை நாள் தவறாமல் வந்துவிடும்.

வாடகைக்கு விடும்போது அக்ரிமெண்ட் போட்டோம். ரேகை வைக்க மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார் அந்த ஆபீஸ் மேனேஜர். நான் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு ஷரத்து உண்டு. ஆபத்துக்கு என்று ஒரு சாவி என்னிடம் இருக்கும், ஆனால் அவர்கள் சொல்லாமல் நான் உள்ளே கால் வைக்கக் கூடாது. என் மகன் படித்துச் சொன்னான். சரி என்றேன். என் சொந்த வீட்டுக்குள் போக எனக்கே தடையா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆபீசில் வாசலை ஒட்டி உட்காருகிற பெண் ஒருத்தி. ஈரோட்டுப் பக்கம். ஆவடி சேக்காட்டில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, தினமும் ஸ்கூட்டியில் வருவாள். அவள்தான் ஒரு நாள் கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையிலிருந்து ஒரு மீனை வாங்கி வந்து, கண்ணாடி ஜாடியில் விட்டுத் தன் மேஜையில் வைத்தாள். ஃபைட்டர் மீன் என்றாள். என் விரல் நீளம்கூட இல்லை. கருநீலம். வேறு ஒரு மீனைப் பக்கத்தில் விட்டால் கடித்துக் கொன்றுவிடுமாம், அதனால் தனியாகத்தான் இருக்குமாம். மீன் என்றால் எனக்குக் குழம்புதான் தெரியும். இருந்தாலும், நாம் ஜாடிக்கு நேரே விரலை நீட்டினால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வருமே, அந்த ரோஷம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போகிறபோது ஆபீஸ் வாசலுக்கு வெளியே நின்று, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பேன். அவள் உள்ளேயிருந்து ஜாடியை என் பக்கம் திருப்பி வைப்பாள்.

ஆயுத பூஜை லீவுக்கு முந்தின சாயங்காலம் ஆபீசில் பூஜை போட்டார்கள். வீட்டுக்காரம்மா கற்பூரம் ஏற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், தண்ணி மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மீன் ஜாடிக்கும் ஒரு பொட்டு. நான் கற்பூரம் ஏற்றிவிட்டு, என் பங்குப் பொரியையும் சுண்டலையும் வாங்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அந்தப் பெண்ணும், இருட்டுவதற்குள் சேக்காடு போக வேண்டும் என்று எனக்குப் பின்னாலேயே இறங்கி ஸ்கூட்டியை எடுத்தாள். மற்றவர்கள் அதற்கப்புறம்தான் பூட்டிக்கொண்டு போனார்கள். இனி ஞாயிறு முடிந்துதான் ஆபீஸ்.

மறுநாள் காலையில் துணி உலர்த்தப் போனவள், வழக்கம்போல் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். ஜாடித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. மேலே பொரி ஊறி உப்பி, ஏடு கட்டினாற்போல் மூடிக் கிடந்தது. அதற்குக் கீழே அந்த மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயை மேலே தூக்கித் தூக்கி மூச்சுக்குத் தவித்தது. கண்ணாடியில் விரலை வைத்துத் தட்டினேன். திரும்பக்கூட இல்லை.

கீழே ஓடி வந்து மேனேஜருக்குப் போன் போட்டேன். ஊருக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார்.

"தம்பி, அந்த ஜாடியில பொரி கொட்டி வச்சுக்கீது. மீனு சாவப் போவுது. ஊட்ல சாவி கீது, ஒரு வார்த்தை சொல்லு, எடுத்துடறேன்."

அவர் சிரித்தார். "ஆமாம்மா, ஆளுக்கு ஒரு பிடி போட்டோம். அதுவும் நம்ம ஸ்டாஃப்தானே, லீவுல பட்டினியா கெடக்கக் கூடாதில்ல."

"அது பொரி திங்கற மீனா?"

"அம்மா, அது மீனும்மா. போனா வேற வாங்கிக்கலாம். கதவை மட்டும் தொறந்துடாதீங்க. உள்ள கிளையண்ட் டேட்டா எல்லாம் இருக்கு, கேமரா இருக்கு. அக்ரிமெண்ட்ல சொல்லியிருக்கோம் இல்ல?"

"இன்னா தம்பி, ஒரு உசுரு தவிச்சிகினு கீது, நீ அக்ரிமெண்ட்டு பேசிகினு கீறே."

பஸ்ஸில் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டார். அந்தப் பெண்ணின் நம்பரைக் கேட்க மறுபடி அடித்தேன். லேடீஸ் ஸ்டாஃப் நம்பரை வெளியே தர முடியாதாம். நானே சொல்லிவிடுகிறேன் என்றார். எப்படிச் சொன்னார் என்பதை அவள் வந்தபிறகுதான் பார்த்தேன். ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப்பில், மீனுக்காக ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி அழுகிறார் என்று போட்டு, கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாக வைத்திருந்தார். நான் எங்கே அழுதேன்? என் புருஷன் செத்த அன்றைக்கே ஊர் பார்க்க அழாதவள் நான்.

அவள் வரும்வரை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். திறந்தால் சொன்ன சொல் போகும். திறக்காவிட்டால் உயிர் போகும். என் வீடு, என் கதவு, என் கையில் சாவி. அப்படியிருந்தும் ஒரு பொரித் தின்னி ஆபீசுக்காக நான் படியில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

அவள் தலைகூடச் சீவாமல் வந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மேனேஜருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள்.

"சார் சொல்லாம உள்ள போனா பிரச்சனையாயிருமுங்கம்மா" என்றாள். கண் மட்டும் ஜாடியை விட்டு அகலவில்லை.

எனக்கு அப்போது ஒரு வழி தோன்றியது. பூட்டைத் திறந்து கதவை அகலத் தள்ளினேன். நான் வாசப்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன்.

"நான் உள்ள கால வக்க மாட்டேன்னு கையெழுத்து போட்டவ. வக்கல. நீ இங்க வேலை செய்யற பொண்ணு, நீ போ. எவன் கேக்கறான்னு பார்க்கறேன்."

அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு போய் ஜாடியை நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தாள். நான் கதவைப் பூட்டினேன்.

புதுக் குழாய்த் தண்ணீர் மீனுக்கு ஆகாதாம், நேற்றுப் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் வரும், டிரம்மில் எப்போதும் இருக்கும். என் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன். மீனைக் கரண்டியால் அள்ளி அதில் விட்டாள். அடியில் போய்ப் படுத்துவிட்டது. இரண்டு பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்கு மேல் லேசாக வாலை அசைத்தது. பொழுது சாய, நான் விரலை நீட்டினேன். மெதுவாகத்தான் என்றாலும் செவுளை விரித்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று சாயங்காலம் அவள் முகமே சரியில்லை. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அங்கே வேலை செய்கிற இன்னொரு பையன்தான் சொன்னான். அனுமதி இல்லாமல் லீவு நாளில் உள்ளே போனதற்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்களாம். கேமராவில் அவள்தான் தெரிந்தாளாம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் காலை எல்லாரும் வேலையில் உட்கார்ந்த பிறகு மேலே போனேன். வாசலில் நின்றுதான் பேசினேன். அந்த ஆபீசில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்கும்படி பேசினேன்.

"பொரிய கொட்டினது நீங்க. கதவ தொறந்தது நான். கடுதாசி மட்டும் இந்தப் பொண்ணுக்கா? இன்னா நாயம் இது? எம்மேல எழுது, பார்க்கலாம்."

மேனேஜர் எழுந்து நின்று பவ்யமாகப் பேசினார். "அம்மா, நீங்க உள்ளயே வரல. கேமராவுல பார்த்தேன். நீங்க சொன்ன சொல்ல காப்பாத்திட்டீங்க. உங்களை நான் என்ன சொல்ல முடியும்? ஸ்டாஃபுக்குத்தான் ரூல்."

அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். நன்றாகக் கேட்டோம் என்ற நிறைவுகூட இருந்தது.

மத்தியானம் அவள் சாப்பாட்டு நேரத்தில் கீழே வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க எனக்காகத்தான் பேசுனீங்க, தெரியுமுங்க" என்றாள். "ஆனா நீங்க சத்தம் போட்டுட்டு கீழ வந்துருவீங்க. நான் நாளைக்கும் அங்கதானுங்க உக்காரோணும்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.

"அன்னைக்கு நீங்களும் ஒரு எட்டு உள்ள வந்திருந்தா, ரெண்டு பேரு போனாங்கன்னு ஆயிருக்குமுங்க. வீட்டுக்காரம்மாவே கூட வந்தாங்கன்னா சாரும் விட்டிருப்பாரு. இப்ப நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டனுங்க. இனிமேல் இதைப் பத்தி அங்க பேச வேண்டாம்."

குரலில் கோபமே இல்லை. சொல்லிவிட்டு, டப்பாவில் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடப் படியேறிப் போய்விட்டாள். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவர்களை நான் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு அவளை அப்படியே போக விட்டேன்.

அடுத்த வாரம் மேனேஜரைப் படியில் பார்த்தபோது, கதவைத் திறந்தது நான்தான் என்று என் பேரில் ஒரு கடிதம் எழுதி அவள் கடிதத்தோடு வைக்கச் சொன்னேன். சத்தம் போடாமல்தான் கேட்டேன். அதெல்லாம் முடிந்துபோன விஷயம்மா என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். முடிந்துபோனது அவருக்கு.

மீன் இன்னும் அந்த மேஜையில்தான் இருக்கிறது. பெரிய ஜாடிக்கு மாற்றியிருக்கிறாள். வெளியாட்கள் யாராவது ஆபீஸ் பார்க்க வந்தால், எங்க ஆபீஸ் மீன் என்று அந்த மேனேஜர்தான் பெருமையாகக் காட்டுகிறார். அவள் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்தால் இப்போதும் சிரிப்பாள், ஜாடியை என் பக்கம் திருப்பி வைப்பாள். அந்த மீனைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு முதலில் அந்த மனிதர் மேல்தான் கோபம் வருகிறது. அது அடங்கக் கொஞ்ச நேரமாகும். அப்புறம், சின்னப் பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு என் சொல் கெடக் கூடாது என்று வெளியிலேயே நின்றேனே, அந்த என் மேல் வருகிறது. அதுதான் அடங்குவதே இல்லை.