அக்கா மாற்றித் தராத கடைசி அத்தியாயம்

என் அக்காவுக்கு அறுபது வயதில் நாவல் பைத்தியம் பிடித்தது. படிக்கிற பைத்தியம் என்றால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். இது எழுதுகிற பைத்தியம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் நாங்கள் இருவரும் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறோம். புதுத்துணி தைப்பதில்லை. கால் நீளமா, குறைப்போம். இடுப்பு இறுக்கமா, பிரித்து விடுவோம். இரண்டு தையல் மிஷின், போட்டுப் பார்க்கத் திரை மறைத்த ஒரு மூலை, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. மாமா தவறியதிலிருந்து அக்கா கடைக்குப் பின்னால் உள்ள அறையில் தனியாக இருக்கிறாள். "எங்களோட வந்து இருங்கம்மா" என்று மகன் வாராவாரம் போன் செய்வான். பாவம், நல்ல பையன். இவளும் வாராவாரம் எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள்.

ஒருநாள் மிஷின்மேலேயே தாளை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். புருஷனை இழந்த ஒருத்தி, மகன் வீட்டுக்குப் போகாமல் தனியே அறை எடுத்து வாழ்கிற கதை.

"உன் கதையாக்கா?" என்றேன்.

"அவ என்னைவிட உயரம்டி" என்றாள். கேட்டீர்களா பதிலை.

எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவள் கண்டுபிடித்த வழிதான் என் உயிரை வாங்கியது. போட்டுப் பார்க்காமல் நாங்கள் எந்தத் துணியையும் கொடுப்பதில்லை. அதே பழக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவாள். யாராவது கடிகாரத்தைப் பார்த்துவிட்டால் போச்சு, அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுவாள். அந்த மும்முரத்தில் ஒரு பஸ் டிரைவரின் யூனிஃபார்ம் பேன்ட்டில், இரண்டு காலையும் குறைப்பதற்குப் பதில் ஒரே காலை இரண்டு தடவை வெட்டிவிட்டாள். மனிதர் அதைப் போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வந்து நின்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவரோ, "அது கெடக்கட்டும்க்கா. மகன் வந்து கதவைத் தட்டுனானே, அவ தெறந்தாளா இல்லையா?" என்றார்.

முடித்ததும் பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். ஒருவர் திருப்பி அனுப்பினார். இன்னொருவர் மூச்சே விடவில்லை. மூன்றாமவர் போன் செய்தார்.

"கதை பிரமாதம்மா. ஆனா கடைசியில அவ மகன் வீட்டுக்குப் போயிடணும். இல்லன்னா படிக்கிறவங்களுக்கு மனசு ஆறாது. அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் மாத்திக் குடுங்க, போட்டுடலாம்."

நான் துள்ளிக் குதித்தேன். அக்கா போனை வைத்துவிட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். "மாத்த மாட்டேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "காலமெல்லாம் மாத்திக் குடுக்கறதுதானே நம்ம பொழப்பு? குட்டையாக்குன்னா ஆக்குறோம், லூசாக்குன்னா ஆக்குறோம். இப்ப மட்டும் என்ன வந்துது உனக்கு?"

"அதெல்லாம் அவங்க துணிடி. இது என்னோடது."

அதற்குமேல் நான் என்ன சொல்ல? சொன்னேன், நிறையவே சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே. புத்தகம் வராமலே போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவளுக்கும் பயம்தான். அன்று முழுக்க ஊசியில் நூல் கோக்க அவளால் முடியவில்லை.

மறுபடி போன் செய்தும் அக்கா மசியாததால் பதிப்பாளர் நேரிலேயே கடைக்கு வந்தார். பெஞ்சில் அந்த டிரைவரும், கதையை ஆரம்பத்திலிருந்து கேட்டுவரும் ஒரு நர்ஸும் இருந்தார்கள்.

"மகன் நல்லவன்தானேம்மா, போனா என்ன?" என்று ஆரம்பித்தார்.

"நல்லவன்தான் சார், யாரு இல்லன்னாங்க?" என்றாள் நர்ஸ். "அவளுக்கு அந்த ரூம் புடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"நீங்கல்லாம் புத்தகம் வாங்கிப் படிப்பீங்களா?"

"இதுவரைக்கும் வாங்கினதில்ல," என்றார் டிரைவர். "இதை வாங்குவேன். அவ மூட்டை கட்டிட்டுப் போனான்னா வாங்க மாட்டேன்."

பதிப்பாளரும் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். "சரி, நீங்களே வாசிங்கம்மா" என்றார். அக்கா கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். முதலில் குரல் நடுங்கியது, போகப்போக நிமிர்ந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்க்கிறாரா என்று அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கவே இல்லை. முடிந்ததும் எழுந்து, "இப்படியே இருக்கட்டும்மா" என்றார்.

புத்தகம் வந்தது. அக்கா அட்டையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கடைசி அத்தியாயத்தைத் திருப்பி, விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். "ஒரு வரியைக்கூடத் தொடலடி" என்றாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இருந்த அத்தனை கடையிலும் காட்டிவிட்டு வந்தேன். எங்கள் வம்சத்தில் புத்தகம் எழுதினவர்கள் வேறு யார் இருக்கிறார்கள், நான் ஏன் அடக்கமாக இருக்க வேண்டும்?

முதல் பிரதி மகனுக்குத்தான் போனது. அந்த வாரம் அவனிடமிருந்து போன் இல்லை. எழுதியதற்கு அக்கா வருத்தப்படவில்லை, ஆனால் போனை மட்டும் அடிக்கொருதரம் எடுத்து எடுத்துப் பார்த்தாள். அடுத்த வாரம் மணி அடித்தது.

"படிச்சு முடிச்சிட்டேம்மா" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "லீவுக்கு நான் அங்க வந்து உங்க ரூம்ல ரெண்டு நாள் தங்கிக்கட்டுமா?" என்றான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தாராளமா வாப்பா. கட்டில் ஒண்ணுதான் இருக்கு, நீ கீழ படுத்துக்கணும்."