பாதல் காதில் சொன்ன கோல்

மாலாதி போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம், ஆஸ்பத்திரியில். ஆறு மாதமாக எதிர்பார்த்ததுதான்... இருந்தாலும் போனை வைத்துவிட்டு, சாம்பார் அடிப்பிடிக்கிற வரைக்கும் அடுப்பு முன்னால் அப்படியே நின்றேன்.

இங்கே பல பேருக்குத் தெரியாது. ஐம்பது வயதில், பேங்க் வேலை, மூட்டுவலி, வீட்டில் எல்லோருடைய கிண்டல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நான் குதிரையேற்றம் கற்றுக்கொண்டேன். பைபாஸ் தாண்டி ஒரு சின்ன ரைடிங் ஸ்கூல். அங்கே கோச் மாலாதி, ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

என்னைவிட எட்டு வயது சின்னவள். ஆனால் லாயத்தில் எல்லோருக்கும் அவள் தீதி, அதாவது பெங்காலியில் அக்கா; அதனால் பெயரோடு "தி" ஒட்டிக்கொண்டு எனக்கும் மாலாதி. அவளோ என்னை அக்கா என்பாள். ஒருத்தியை ஒருத்தி அக்கா என்று கூப்பிட்டுக்கொண்ட ஜோடி கல்கத்தாவிலேயே நாங்கள் மட்டும்தான் இருக்கும்.

முதல் நாள் ஃபார்மில் "கோல்", அதாவது இலக்கு, என்ற இடத்தில், ஒரு வருடத்தில் போட்டியில் ரிப்பன் வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆரே அக்கா, இது உங்க பேங்க் டார்கெட். இங்க கோல்னா இன்னிக்குக் காலைலயே முடியணும்."

லாயத்துக் கதவில் தொங்கிய சிலேட்டில் சாக்பீஸால் எழுதினாள்: சுதா, குதிகால் கீழே. அவ்வளவுதான். சேணத்தில் தொங்கும் அங்கவடியில் கால் வைத்தால் குதிகால் கீழே அழுந்தி இருக்க வேண்டும், எனக்கோ பயத்தில் அது மேலேயே ஏறிக்கொள்ளும். ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஓடிப் போச்சு... அதே கோல்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். ஏறுவதற்கு முன்னால் அன்றைய கோலைக் குதிரையின் காதில் சொல்ல வேண்டும். நான் அவளிடம் சொன்னால் கோபம் வரும்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? நானா உங்களைச் சுமக்கப்போறேன்? அவன்கிட்ட சொல்லுங்க!"

அவன் என்றால் பாதல். சாம்பல் நிறக் கிழவன், வெல்லம் என்றால் உயிரை விடுவான். கோல் நிறைவேறினால் ஒரு துண்டு வெல்லம், அதுவும் அவனுக்குத்தான். எனக்கு ஒன்றும் கிடையாது.

இந்தப் பழக்கத்தால் மானம் போன கதை ஒன்று உண்டு. ஸ்கூலிலேயே நடந்த ஒரு குளிர்காலப் போட்டி. நடுவர் முன்னால் போய்க் குதிரையை நிறுத்தி, தலையைத் தாழ்த்திவிட்டு, வாயைத் திறக்காமல் ஆரம்பிக்க வேண்டும். நான் பதட்டத்தில் பாதலிடம் சொல்ல மறந்துவிட்டேன். நடுவர், பாவம், ரிட்டயர்டு மிலிட்டரிக்கார பெங்காலி. அவரைப் பார்த்துக் கணீரென்று தமிழில், "சார், இன்னிக்கு கோல், குதிகால் கீழே!"

மனுஷர் எழுந்து நின்று "தேங்க் யூ" என்றார். மாலாதி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடைசியாக வந்தேன்.

அதற்கப்புறம் லேக் மார்க்கெட்டில் டிபன் சாப்பிடப் போகும்போதெல்லாம், சர்வர் வந்தால் தலையைத் தாழ்த்துவாள். "சார், இன்னிக்கு கோல், ரெண்டு மசால் தோசை." ஒவ்வொரு தடவையும்... நானும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன்.

அடுத்த மழைக்காலத்தில் விழுந்தேன். கேன்டரில். குதிரை துள்ளி ஓட ஆரம்பிக்குமே, நாலுகால் பாய்ச்சலுக்கு முந்தைய ஓட்டம், அதில். காறை எலும்பு முறிந்தது.

சரியாகித் திரும்பிப் போனேன். ஆனால் கேன்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒன்றரை வருடம் குதிகால், தோள், நேராகப் பார்ப்பது என்றே ஓட்டினேன். மாலாதியும் சிலேட்டில் அதை எழுதியதே இல்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது உங்க வாயிலேர்ந்து வரணும்க்கா. நான் எழுதினா ஹோம்வொர்க் ஆயிடும்."

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பாதி ஆளாகியிருந்தாள். போனதும் முதல் கேள்வி, "ஞாயித்துக்கிழமை என்ன கோல்?"

"கேன்டர். ஒரு ரவுண்டு." எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். அப்புறம், "என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

நர்ஸ் வந்து திட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம்.

இன்று காலை லாயத்துக்குப் போனேன். ஏறுகிற எண்ணமே இல்லை, சும்மா பாதலைப் பார்க்கத்தான். ஆனால் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் ரஹீம் பாய் அவனுக்குச் சேணம் பூட்டித் தயாராக வைத்திருந்தார். சிலேட்டில் அவருடைய இந்தி எழுத்து: சுதா, கேன்டர்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை தீதி போன் செய்தாராம். ஸ்பீக்கரில் போட்டுப் பாதல் காதில் வைக்கச் சொன்னாராம். "பத்து நிமிஷம் பேசினாங்க. தமிழ், எனக்கு ஒண்ணும் புரியல. நடுவுல ரெண்டு தடவை சிரிச்சாங்க."

பாதலின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. அவன் காதில் முதலில் செய்தியைச் சொன்னேன். அப்புறம் கோலைச் சொன்னேன். ஏறினேன்.

முக்கால் ரவுண்டு! கத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதுகொண்டு... முக்கால் ரவுண்டு. மீதிக்குப் பயம் வந்து கடிவாளத்தை இழுத்துவிட்டேன். குதிகாலும் மேலே போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

வெல்லமும் முக்கால் துண்டுதான் என்று உடைக்கப் பார்த்தேன். பாதல் முழுசையும் பிடுங்கிக்கொண்டான்.

அந்தப் பத்து நிமிஷம் அவனிடம் என்னடி சொன்னாய், மாலாதி? கேட்டுக் கேட்டுப் பார்க்கிறேன், வெல்லத்தை மென்றுகொண்டு நிற்கிறான்.

சரி... போய் வா. குதிகால் கீழே.