மச்சானின் வெண்கலம்

நானும் ஒரு காலத்தில் குண்டு எறிந்தவன்தான். நம்புங்கள். பள்ளிக்கூட நாளில் மாவட்டப் போட்டி வரைக்கும் போனேன். குண்டு விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு டேப் பிடிக்கிறவர், "எறிஞ்சிட்டியா, இல்ல கை நழுவிச்சா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, மெய்யாகவே தெரியாமல்தான் கேட்டார். அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டேன், உடம்பை மட்டும் விடவில்லை. இப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறேன். கட்டை விரலால் பொத்தானை அமுக்கி டன் கணக்கில் இரும்பு தூக்குவேன். நம் குடும்பத்தில் என்னைவிட எடை தூக்கியவன் யார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டால், அவள் தன் தம்பியைக் காட்டுவாள். என் வாய் அடங்கும் ஒரே இடம் அது.

அவன்தான் அசல் குண்டெறி வீரன். அவர்களுக்குக் கவரைப்பேட்டைப் பக்கம் கொஞ்சம் நெல் நிலம். அறுப்பு முடிந்து நிலம் சும்மா கிடக்கும்போது அதில்தான் எறிந்து பழகினான். வயலெல்லாம் குழி. என் மாமனார் மண்வெட்டியோடு குழிகளை மூடிக்கொண்டே, "எருமைகூட இவ்ளோ நாசம் பண்ணாது" என்று திட்டுவார். ஆனால் அடுத்த போகத்தில் ஒரு மூலையை மட்டும் நடாமல் விட்டிருப்பார். ஏன் என்று கேட்டால், தண்ணீர் ஏறவில்லை என்பார். தண்ணீர் நன்றாகவே ஏறும்.

ஆசிய அளவிலான தடகளப் போட்டிக்கு மச்சான் தேர்வானபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. இன்னொரு வாய்ப்பு வராது என்று எல்லோருக்கும் தெரியும். பதக்கம் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை. வராவிட்டால் ஏதாவது ஒரு காண்ட்ராக்டரிடம் கூலி.

இறுதிச் சுற்றை மாமனார் வீட்டு டீவியில் பார்த்தோம். பார்த்தோம் என்பது கொஞ்சம் அதிகம். குண்டெறிதலைக் காட்டுவதென்றால் டீவிக்காரர்களுக்கு வேப்பங்காய். மச்சான் வட்டத்துக்குள் போய், குண்டைக் கழுத்தில் அணைத்து, முதுகைத் திருப்பி நிற்பான். சட்டென்று யாரோ ஓட ஆரம்பித்துவிடுவார்கள், கேமராவும் கூடவே ஓடிவிடும். முதல் எறிவுக்குச் சிவப்புக் கொடி, செல்லாது. மற்றதில் பாதியை நாங்கள் பார்க்கவே இல்லை. ஆறாவது எறிவின்போதும் ரிலே பந்தயத்தில் நாலு பெண்கள் கட்டை மாற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். கேமரா திரும்பி வந்தபோது மச்சான் தரையில் குந்தி, தலையில் கை வைத்திருந்தான். என் மனைவி அழ ஆரம்பித்தாள். அப்புறம்தான் பலகையில் மூன்றாவது இடத்தில் அவன் பேர் வந்தது.

"மூணாவதுன்னா ஜெயிச்சதா தோத்ததா மாப்ளே?" என்றார் மாமனார்.

"ஜெயிச்சது மாமா. வெண்கலம்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பட்டாசு வெடித்தது, ஃபிளெக்ஸ் வைத்தது, அதில் மச்சானைவிட என் படம் பெரிதாக வந்தது எல்லாம் தனிக் கதை. ஃபிளெக்ஸ் கடைக்காரன் என்னைத்தான் வீரன் என்று நினைத்துவிட்டான். வயிற்றைப் பார்த்து ஏமாந்திருக்கிறான்.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் ஷிப்டு விட்டு வரும்போது மில் வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான், குடிக்கவில்லை.

"மாமா, போட்டி அன்னிக்கி எடுத்த யூரின்ல மருந்து இருக்குதாம். போன் வந்துச்சு. பதக்கத்த புடுங்கிடுவாங்க."

"நீ இன்னாடா துன்ன?"

"துன்னல மாமா. ஊசி."

முழுக்கச் சொன்னான். வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு போக ஊருக்கு வந்திருந்தான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாமனார் அதைப் பார்த்துவிட்டார். தொழிற்பேட்டை கிளினிக்குக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த கிளினிக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவன், நாற்று நடுகிறவன், கிரேனில் உட்கார்ந்தே இடுப்பு பிடித்துக்கொண்ட நான், எல்லோருக்கும் அங்கேதான் வைத்தியம். டாக்டர் எங்கே வலி என்று கேட்க மாட்டார். "எந்த ஷிப்டு?" என்றுதான் கேட்பார். ஒரு ஊசி. பேப்பரில் மடித்த மாத்திரை. மருந்துச் சீட்டு கிடையாது. ஊசியில் என்ன இருக்கிறது என்று கேட்டவன் எவனும் கிடையாது. மறுநாள் வேலைக்குப் போக முடிந்தது, அது போதும். என் இடுப்பைப் பிழிந்தால் பாதி மருந்துக்கடை வரும்.

பயிற்சி முகாமில் அவன் கோச்சு, ஒரு இருமல் மாத்திரைகூட கேட்காமல் போடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மச்சானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

"'நம்ம ஊசிடா, ஒண்ணும் பண்ணாது, நான் எத்தினி வருசமா போட்டுக்கினு கீறேன்'னாரு நைனா. எனக்காவ வெயில்ல நின்னு டோக்கன் வாங்கிட்டாரு மாமா. எப்பிடி வேணாம்னு சொல்றது?"

வீக்கத்தை அமுக்குகிற மருந்து அது. ஊசியாக ஏற்றியது போட்டி நாளில் உடம்பில் இருக்கக்கூடாது என்று தடை செய்யப்பட்டது, முன்பே போட்டிருந்தாலும் சில நாள் தங்கிவிடும். கூலிக்காரனுக்கு அது கைவலி ஊசி, அவனுக்கு ஊக்கமருந்து.

கிளினிக்குக்கு நான் போனேன். ஊசி போட்டதாக ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நாளைக்கி எத்தினி பேரு வராங்க. எவன்னு தெரியும்? உனக்கு இன்னா, இடுப்பா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே அப்படிச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

வக்கீல் ஒருவர் வழி சொன்னார். ஊசி எப்படி வந்தது என்று கூடப் போனவர் வாக்குமூலம் கொடுத்தால் தடைக்காலம் குறையலாம், திருட்டுத்தனம் இல்லை என்றாவது பதிவாகும். கூடப் போனவர் மாமனார்.

"வேணாம் மாமா," என்றான் மச்சான். "நைனாவால போச்சுன்னு நைனாவுக்கே தெரிஞ்சா, அது உசுரோட இருக்காது. நானே ஏத்துக்கறேன்."

"டேய், பேரு கெட்டுப்பூடும்டா."

"கெடட்டும். அக்கா கிட்டகூட சொல்லாத. நீ ஓட்டவாயி."

ஏற்றுக்கொண்டான். பதக்கம் போனது. வருகிறது என்று சொல்லியிருந்த வேலையும் போனது. இரண்டு வருஷத் தடை. அது முடிகிறபோது அவன் தோளும் முடிந்திருக்கும். இப்போது எங்கள் மில்லில் காண்ட்ராக்ட் கூலி. கிரேன் மேலிருந்து நான் இறக்குகிற கம்பிக் கட்டைக் கீழே நின்று தள்ளி அடுக்குகிறான். வேடிக்கையாக ஏதாவது கத்துவேன். மேலே பார்க்காமல் கையை மட்டும் ஆட்டுவான்.

மாமனாருக்குத் தெரிந்தது பேப்பரில் வந்தது மட்டும்தான். மகன் திருட்டு மருந்து சாப்பிட்டான். அவனோடு பேச்சை நிறுத்தினார். ஒரே வீட்டில், அவன் சாப்பிட உட்கார்ந்தால் இவர் எழுந்துவிடுவார். "சொந்த உடம்புல ஏமாத்தனவன் நாளைக்கி எதுல ஏமாத்த மாட்டான்?" என்று என்னிடம் கேட்டார், அவன் காதில் விழும்படி. மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நான் ஒரு ஜோக் அடித்தேன். இப்போது நினைவில்லை, யாரும் சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அப்புறம் ஒருநாள் காலையில் மாமனார் என் வீட்டுக்கு வந்து, "கெளம்பு மாப்ளே, அந்த கோச்ச பாக்கணும்" என்றார். மருந்து கொடுத்தது கோச்சாகத்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்திருந்தார். சட்டை போடுகிற சாக்கில் உள்ளே போய் மச்சானுக்கு போன் அடித்தேன். "கோச்சு சாருக்கு எல்லாம் தெரியும். அவரு கிட்ட நான் பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். மைதானத்தில் கோச்சு நாலைந்து பையன்களுக்குக் கால் எடுத்து வைப்பதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர்களை அந்தப் பக்கம் ஓடச் சொல்லிவிட்டு வந்து நின்றார்.

"என் புள்ள வெறும் சோறு துன்னு வளந்தவன். அவனுக்கு இன்னாய்யா குடுத்த?" மாமனார் ஒரு அடி முன்னால் வைத்தார். "உன்ன நம்பித்தான அனுப்புனோம்? உனக்கு பேரு வரணும்னு அவன கெடுத்தியா?"

கோச்சு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் ஷூவைப் பார்த்தேன். என் வயிற்றைத் தாண்டி ஷூ தெரியாது, இருந்தாலும் பார்த்தேன். மாமனார் மண்ணைக் காலால் உதைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். "மன்னிச்சிடுங்க ஐயா" என்றார் கோச்சு, அவர் முதுகைப் பார்த்து. அவ்வளவுதான்.

ரயிலில் திரும்பினோம். மீஞ்சூர் தாண்டியதும் மாமனார் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பாத்தியா மாப்ளே, அவ்ளோ கேட்டேன், எதுத்து ஒரு வார்த்த பேசல. தப்பு பண்ணவன் எப்டி பேசுவான்?"

"ஆமா மாமா."

"பையன் இன்னா பண்ணுவான்? வாத்தியாரு குடுத்தா வாங்கித்தான ஆவணும். நான்தான் அவன போட்டு வதைச்சிட்டேன். இன்னிக்கி அவன்கூட உக்காந்து சாப்புடறேன்."

"சரி மாமா."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஆளு இன்னொருத்தன் புள்ளய கெடுக்கக் கூடாது. மேல ஒரு மனு குடுத்துடணும். நீ எழுது."

"என் கையெழுத்து எனக்கே புரியாது மாமா."

"பரவால்ல," என்றார். "நிதானமா எழுது."