போயிட்டு வாரேனுங்க

விளக்கம் கேட்காமல் ஊழியர்மேல் நடவடிக்கை கூடாது என்பது விதி. எங்கள் நாமக்கல் அலுவலகத்தில் ஆட்டிசம் உள்ள எழுத்தர் ஒருவர் இருந்தார். யார் முகத்தையும் பார்க்கமாட்டார். விடைபெறும்போதெல்லாம் ஒரே குரலில் "போயிட்டு வாரேனுங்க" என்பார்.

மேலாளரின் தாயார் இறந்த வீட்டிலும் அப்படியே சொன்னார். துக்க வீட்டில் சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தம். அதே வாரம் மேலாளரின் தம்பி இறந்தார். எழுத்தருக்கு மேச்சேரிக்கு மாறுதல் வந்தது. காரணம்: நிர்வாக நலன்.

"புது ஊரு என்னால ஆவாதுங்க. சொல்லக் கூடாதுன்னு யாருமே சொல்லலீங்களே, சாமி?" என்று எழுத்தர் என்னிடம் கேட்டார். துக்க வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். விளக்கம் கேட்காமல் போட்ட மாறுதல் என்று தலைமை அலுவலகத்துக்கு முறையீடும் எழுதிக் கொடுத்தேன்.

பிறகு மேலாளரே இறந்தார். அந்த வீட்டிலிருந்து எழுத்தர் வாய் திறக்காமல் வெளியேறினார். வாசல்வரை எல்லோரும் அவர் உதடுகளையே பார்த்தோம், விதி தெரிந்த நானும்தான். மாறுதல் ரத்து என்ற பதில் அன்றுதான் வந்தது.