பிலோ அக்காவின் கத்தி உறை

மகன் ஜப்பான் போய்த் திரும்பியபோது சமையலுக்கென்று ஒரு கத்தி வாங்கி வந்தான். வழவழவென்று மர உறை போட்டிருந்தது. "எவ்ளோ அழகு பாருங்கம்மா" என்றான். நான் அதை உருவிப் பார்க்காமலே மேசைமேல் வைத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று பழியை வயசின்மேல் போட்டுவிட்டேன். பத்தொன்பது வயதில் நானும் இப்படி ஓர் உறை செய்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் பட்டணமே காலியான சமயம் அது. சாந்தோமில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பக்கவாதத்தில் படுத்திருந்த அம்மாவை எந்த ரயிலில் ஏற்றுவது? நானும் பிலோ அக்காவும் அவளோடு தங்கிவிட்டோம். குண்டைவிட எங்களை உலுக்கியது, பூட்டிய வீடுகளை உடைக்கிறார்கள் என்ற பேச்சுதான். அக்கா கறிக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டே நடமாடினாள். ஒரு நாள் அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கும்போது அது அவள் இடுப்பையே கிழித்துவிட்டது.

உறை செய்வது என் யோசனை. அப்பாவின் உளி இருந்தது, டீத்தூள் பெட்டிப் பலகை இருந்தது, இரண்டையும் கையாளத் தெரியாத நானும் இருந்தேன். பலகையில் கத்தியை வைத்து வரைந்து, அந்த அளவுக்குக் குடைந்து, இன்னொரு பலகையை மேலே வைத்து வஜ்ரம் காய்ச்சி ஒட்டினேன். அந்தப் பசையின் நாற்றம் இருக்கிறதே, செத்த மாட்டைக் கொதிக்க வைத்த மாதிரி. அம்மாகூட மூக்கைச் சுளித்தாள். அவள் முகம் அசைந்ததே என்று நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம்.

"நாளைக்கு வரைக்கும் காயணும்க்கா."

"அதுக்குள்ள எவனாவது வந்தா இன்னாடி பண்றது?" என்று அக்கா ஈர உறையிலேயே கத்தியைச் செருகிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் கொல்லைச் சுவரிலிருந்து ஒருவன் குதித்தான். கையில் கடப்பாரை. எங்களைக் கண்டு அவனே திடுக்கிட்டான். "இங்க ஆளுங்க கீறாங்களா?" என்றான்.

அக்கா கத்தியை உருவப் பார்த்தாள். வரவில்லை. வஜ்ரம் உள்ளே கசிந்து இறுகிவிட்டிருந்தது. மறுபடி இழுத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு ஓரடி முன்னால் வைத்தான்.

அப்போது உள்ளேயிருந்து அம்மா, நினைவு தடுமாறிக் குழறினாள்: "யாரு... அப்பா வந்துட்டாரா?"

"ஆமாம்மா, வந்துட்டாரு!" அக்கா அவனிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, கொல்லப்பக்கம் வாங்க! சீக்கிரம்!"

அவன் கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சுவரேறி ஓடினான். அவன் போன பிறகும் நான் உள்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா வருவார் என்று.

உறையைப் பிளந்துதான் கத்தியை எடுத்தோம். சில மாதத்தில் தெரு திரும்பி வந்தது. அம்மா அடுத்த மழைக்குத் தாங்கவில்லை. குண்டுப் பயத்துக்கு முன்பு பகலில் தாழ் போட்டறியாத எங்கள் கொல்லைக் கதவை அக்கா அதற்குப் பிறகு திறந்து போட்டதேயில்லை. பக்கத்து வீடுகளிலும் அப்படியே ஆயிற்று. இப்போது அங்கே அடுக்குமாடி, பால்கனிக்குப் பால்கனி இரும்புக் கம்பி. முன்பெல்லாம் கரையிலிருந்து கூடையோடு வந்து, யாரையும் கேட்காமல் கொல்லை வழியே நுழைந்து, பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போகும் மீன்காரப் பெண்களை நான் பிறகு எந்த வீட்டிலும் பார்க்கவில்லை.