இடது பின்கதவுக் கீறல்கள்

“ஐயா, செவ்வாயன்று அம்பாசடரைச் சொந்தக் காரியத்துக்கு எடுத்தது என் பிழைதான். மனைவியோடு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பின்சீட்டைக் கழுவிவிட்டேன். சந்தோஷத்தில் இடது பின்கதவின் உள்விளிம்பில் சாவியால் சின்னச் சிலுவை கீறியதற்கும் மன்னிக்க வேண்டும்.”

போலீஸ் டிரைவர் ஒருவர் தம் அதிகாரிக்கு எழுதிய விளக்கக் கடிதத்தின் நகல் இது. தேதி இருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. வழியில் பிறந்த குழந்தை என் சினேகிதி ஸ்டெல்லா. பென்னலூர் வீட்டைக் காலி செய்தபோது, காலமான அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாகப் போன வாரம் போனில் படம் அனுப்பினாள். என்னைப் போன்ற தேதிப் பைத்தியம் சும்மா இருக்குமா? அவள் ஞானஸ்நானச் சீட்டில் உள்ள பிறந்த தேதியைப் பழைய பஞ்சாங்கத்தில் தேடினேன். செவ்வாய்தான். சந்தோஷப்பட வேண்டியவன் வியர்த்துப் போனேன்.

கடிதத்தை மூடியதும் எங்கிருந்தோ தின்னர் வாசனை வந்தது. ஒரகடத்தில் கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் அப்போது நானும் ஸ்டெல்லாவும் ஒரே ஷிப்ட். வெள்ளை விளக்குகளின் கீழ் வண்டிக்கூடுகள் கனவில் வருவதுபோல் சத்தமில்லாமல் நகர்ந்து வரும். ஸ்டெல்லா உள்ளங்கையால் தடவி, குறை கண்ட இடத்தில் மெழுகுப் பென்சிலால் வட்டமிடுவாள். நான் உப்புத்தாளால் தேய்த்து, குறையையும் வட்டத்தையும் சேர்த்து அழிப்பேன்.

“உன்னப் பொண்ணு பாக்க வுட்டா, மச்சத்தையும் தேச்சுட்டு வந்துருவண்ணே!” என்பாள். எனக்குப் பெண் அமையத் தாமதமானதற்கு வேறு காரணங்களும் உண்டு.

சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த அம்பாசடரைக் கண்டதும் அவள்தான். கூரையில் சுழல்விளக்கு பொருத்திய துளைகள் இருந்தன. போலீஸ் வண்டி என்பது தெரிந்தது. ஆனால் ஏலத்துக்குப் பின் எண் மாறிவிட்டதால், எந்தப் போலீஸ் வண்டி என்று தெரியவில்லை. சீராக்கிக் கொடுத்தால் காட்சிக்கூடத்தில் வைக்கிறோம் என்றார்கள் கம்பெனியில். அப்பா ஓட்டிய போலீஸ் அம்பாசடரில் பிறந்தவள் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள்; கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பா அப்போதே இல்லை. ஸ்டெல்லாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: தான் பிறந்த கார் இதுதானா?

அவள் அம்மா மேரியை அழைத்து வந்தோம்.

“எம்மா, இதானா?”

“எனக்கு உசுரு போய்கினு இருந்திச்சு. நான் நம்பரையா பாத்துகினு இருந்தேன்? போடி!”

பிறகு அவராகவே பின்சீட்டில் ஏறி, தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்தார். “மேல இதே மாரி துணி தொங்கிச்சு.”

“எல்லா அம்பாசடர்லயும் அது தொங்கும்மா.”

“அப்போ எல்லாத்துலயும் நீ பொறந்தன்னு வெச்சுக்கோ.”

ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. வெள்ளைக்கு அடியில் டாக்சிக் கறுப்பு. அதற்கும் அடியில் மங்கிய நீலம். நாங்கள் கம்பெனிக்காரர்கள் அல்லவா, அடித்தகடு பளபளக்கும்வரை விடவில்லை. பூட்டை மாற்றச் சொன்னால் கதவையே இழைத்துவிடும் ரகம் நாங்கள். கடைசிப் பூச்சு காய்ந்த மத்தியானம், பானட்டில் மேகங்கள் மிதந்தன. நின்ற இடத்திலேயே கார் எங்கோ போய்க்கொண்டிருப்பது போலிருந்தது. மேரியம்மா அதில் முகம் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

கடிதத்தைப் படித்த அன்று ஸ்டெல்லாவை அழைத்தேன்.

“அண்ணே, அந்தக் கதவுல ஏதாச்சும் பாத்தியா?”

“கீறல் நெறைய இருந்துச்சும்மா.”

“சிலுவை?”

“பாக்கல. தேச்சுட்டேன். மன்னிச்சுக்கோ.”



“நீ இன்னாண்ணே பண்ணுவ? அந்தக் கதவுக்கு வட்டம் போட்டுக் குடுத்ததே நான்தான்.”

இரும்புக் கடை இருந்த இடத்தில் இப்போது கிடங்கு நிற்கிறது. மேரியம்மாவும் இல்லை. கார் மட்டும் காட்சிக்கூடக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கிறது. அதைப் பற்றிய என் குறிப்பேட்டில் நேற்று சேர்த்த வரி: இடது பின்கதவின் உள்விளிம்பில் ஸ்டெல்லா வட்டமிட்ட இடங்கள் நான்கு. அவற்றுள் ஒன்றில் சிலுவை இருந்ததா என்பது உறுதிப்படவில்லை.